பதினெட்டு வருடக் குழுவைக் கலைத்துவிடலாம் என்கிறார்கள். கலைக்கலாமா?

குண்டுமல்லி எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போனவள், இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம். அம்மா 2007லிருந்து ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். பதினாலு பேர். முதலில் மாதம் 50 ரூபாய் சந்தா, பிறகு 100, கடைசி நாலு வருடமாக 200. குழுவை நடத்திவந்த ஊக்குநர் அக்கா போன வருடம் மகன் வீட்டோடு ஓசூர் போய்விட்டார். அதிலிருந்து கூட்டம் ஒழுங்காக நடப்பதில்லை. ஒருவர் குழுப் பணத்திலிருந்து வாங்கிய 38,000 ரூபாய் உள்கடனோடு குடும்பமாகத் திருப்பூர் போய்விட்டார். பாக்கி அப்படியே நிற்கிறது. "இனி எதுக்கு இழுத்துக்கிட்டு, கலைச்சுட்டுப் பிரிச்சுக்கலாம்" என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். நோட்டுப்படி குழுவின் பணம் 3,10,000. பதினாலால் வகுத்தால் தலைக்கு 22,000 சொச்சம். நான் பி.காம் படித்த பாவத்துக்கு நோட்டு மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

இதே பதினாலு பேரில் ஒன்பது பேர் மைக்ரோ ஃபைனான்ஸிலும் கடன் வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு தவணை, வியாழக்கிழமை ஒன்று, மாதம் பத்தாம் தேதி இன்னொன்று. ஊரில் அதற்கும் பெயர் குழுதான். "குழுவுக்குப் போறேன்" என்று அம்மா கிளம்பினால் எந்தக் குழு என்று கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சுய உதவிக் குழுவைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான். இப்போது கேட்கிறேன்: இத்தனை வருடத்தில் யாருடைய வறுமையாவது இதனால் குறைந்ததா? கலைத்துவிடுவதுதான் சரியா?


தண்டோரா எழுதியது:

கலைத்துவிடுங்கள். 22,000 சும்மாவா வரும்?

குழு என்பது கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஏற்பாடு. எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, அமைச்சர் வந்தால் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம். தேர்தல் வந்தால் தள்ளுபடி என்கிறார்கள். எங்கள் தெருவில் தையல் பயிற்சி கொடுத்தார்கள், மெழுகுவர்த்தி செய்யச் சொன்னார்கள், ஊறுகாய் போடச் சொன்னார்கள். ஒரே ஊறுகாயைப் பதினைந்து குழு போட்டால் யார் வாங்குவார்கள்? குழுக்கள் செய்வதை விற்க மாவட்டத் தலைநகரில் பூமாலை வணிக வளாகம் என்று கட்டினார்களே, அதில் பாதிக் கடைகள் எப்போதாவது திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.


பழைய ஊக்குநர் எழுதியது:

தம்பி தண்டோரா, வேனில் போனவர்களில் நானும் ஒருத்தி. பொட்டலம் ஊசிப்போயிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குண்டுமல்லி, நீ தருமபுரி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் அரசு எடுத்துச் செய்த குழு வேலை முதலில் தொடங்கியதே நம் மாவட்டத்தில்தான், 1989ல். அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்த பெரிய தருமபுரி. வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் என்ற ஐ.நா. அமைப்பின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. 1992ல் விவசாய, கிராம வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. 1997-98ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் போனது. நான் உள்ளே வந்தது அதற்குக் கொஞ்சம் முன்னால்.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பெரிய விஷயம் கடன் இல்லை. கையெழுத்து. வங்கிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன பெண்கள் நாங்கள். மாதம் இருபது ரூபாய் போட்டோம். முதல் வருடம் உள்கடன் 500 ரூபாய்க்கு மேல் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த 500 எதற்குத் தெரியுமா? ஒருத்திக்குப் பிரசவச் செலவு, ஒருத்திக்கு ரேஷன் அரிசி வாங்க, ஒருத்திக்கு அடகில் மூழ்கப் போன கம்மலை மீட்க. தொழில் என்று யாரும் வாங்கவில்லை. வந்த அதிகாரிகள் "என்ன தொழில் செய்கிறீர்கள்" என்றுதான் கேட்பார்கள். நாங்களும் கறவை மாடு என்று எழுதிக்கொடுத்துவிடுவோம். ஊரில் அப்போது பத்து வட்டி. ஆயிரத்துக்கு மாதம் நூறு ரூபாய், அசல் அப்படியே நிற்கும். குழுவில் இரண்டு வட்டி, அதுவும் எங்களுக்கே திரும்பி வரும். அந்த வித்தியாசத்தில்தான் என் மகளை பத்தாவது வரை படிக்க வைத்தேன்.

ஒரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். சந்தா கட்ட முடியாது என்று தெரிந்தவர்களை நாங்கள் சேர்க்கவில்லை. காலனிக்குத் தனிக் குழு, ஊருக்குத் தனிக் குழு. ஊரிலேயே ரொம்ப இல்லாதவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை. மதுரைப் பக்கம் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தின் சின்னப்பிள்ளை அம்மாவைத் தெரியும்தானே, பிரதமர் வாஜ்பாயே அவர் காலைத் தொட்டு வணங்கினாரே, 2019ல் பத்மஸ்ரீ கூட வந்ததே. நிலமில்லாத கூலிப் பெண். அப்படி ஒருத்தி தலைவியாக வந்த குழுவும் உண்டு, எங்களைப் போல் வசதியானவர்களாகப் பார்த்துச் சேர்த்த குழுவும் உண்டு.


மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

பழைய ஊக்குநர் அம்மா சொன்னதில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: தொழில் என்று யாரும் வாங்கவில்லை. உலகம் முழுக்க நுண்கடனை, அதாவது இந்த மைக்ரோ ஃபைனான்ஸை, விற்றதே "கடன் கொடு, ஏழைப் பெண் தொழில்முனைவோர் ஆகிவிடுவாள்" என்ற கதையை வைத்துத்தான். 1976ல் வங்கதேசத்தில் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தன் பையிலிருந்து 27 டாலர் எடுத்து 42 பேருக்குக் கொடுத்தார். 1983ல் கிராமீன் வங்கி, 2006ல் நோபல். நல்ல கதை, பொய்யும் இல்லை. ஆனால் பிறகு அளந்து பார்த்தார்கள்.

ஹைதராபாத்தில் 104 குடிசைப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனத்தை முதலில் கிளை திறக்க வைத்து ஒப்பிட்டார்கள். பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டுஃப்லோ முதலியோர் செய்த ஆய்வு. ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். குடும்பத்தின் மொத்தச் செலவு ஏறவில்லை. பிள்ளைகள் படிப்பு, உடல்நலம், வீட்டில் பெண் பேச்சு எடுபடுவது, இவற்றில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2015ல் போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆய்வுகளோடு சேர்ந்து ஒரே இதழில் வந்தது. ஆறு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில்: கெடுதலும் பெரிதாக இல்லை, வறுமையும் போகவில்லை.

ரொம்ப ஏழைகளுக்கு வேலை செய்தது வேறொன்று. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002ல் தொடங்கிய முறை. கடன் கிடையாது. ஆடோ மாடோ இலவசமாகக் கொடுத்து, சில மாதம் சாப்பாட்டுச் செலவுக்குப் பணமும் கொடுத்து, ஆள் அடிக்கடி வந்து பார்த்துச் சொல்லிக்கொடுப்பது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்தார்கள். உதவி நின்று ஒரு வருடம் ஆன பிறகும் பலன் நின்றது.


பால்காரர் மகன் எழுதியது:

மாடு என்றதும் வந்துவிட்டேன். கடன் வாங்கி மாடு வாங்குங்கள் என்று சொல்கிறவர்கள் ஒரு வருடம் மாடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கலப்பின மாடு 60,000. கையில் பத்து போட்டு ஐம்பது கடன் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு எட்டு லிட்டர். சொசைட்டியில் 36 ரூபாய் என்றால் 288, மாதம் எட்டாயிரத்து அறுநூறு சொச்சம். புண்ணாக்கு, தவிடு, வைக்கோல், ஊசி போட வருகிறவருக்கு என்று பாதி போய்விடும். நாலாயிரம் நிற்கும். இரண்டு வருடக் கடன் என்றால் மாதத் தவணை 2,670. சரி, கட்டலாம். ஆனால் அந்த எட்டு லிட்டர் கன்று போட்ட முதல் மூன்று நாலு மாதத்துக்குத்தான். அப்புறம் ஆறு, நாலு, இரண்டு. சினை பிடித்து ஏழு மாதம் ஆனால் கறவையை நிறுத்த வேண்டும். சினை பிடிக்காமல் இரண்டு முறை தவறினால் இன்னும் இழுக்கும். மாடு வற்றிப்போனது என்று சொன்னால் தவணை வாங்க வருகிற தம்பி என்ன செய்வார்? பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுங்கள் என்பார்.

இரண்டு மாடு இருந்தால் ஒன்று வற்றும்போது இன்னொன்று கறக்கும். ஒரு மாட்டுக்காரருக்குத்தான் கஷ்டம். கடன் கொடுப்பவர்கள் எப்போதும் ஒரு மாட்டுக்குத்தான் கொடுக்கிறார்கள்.


டூவீலர் தம்பி எழுதியது:

அந்தத் தவணைத் தம்பி நான்தான். அதாவது நாலு வருடம் அந்த வேலை பார்த்து விட்டவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். திட்டுவதற்கு முன் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

காலை ஏழு மணிக்கு முதல் சென்டர். யாராவது வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். உறுதிமொழி சொல்லிவிட்டுப் பணம் எண்ணுவோம். ஒருத்தர் வரவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. எனக்கு மேலே இருந்தவர் சொன்னார், நான் செய்தேன். ஒரு நாளில் ஐந்து சென்டர். வசூல் குறைந்தால் ஊக்கத்தொகை போச்சு. ஒரு அம்மா தாலிக்கயிற்றில் இருந்த குண்டுமணித் தங்கத்தைக் காட்டி "இதை வித்துத்தான் கட்டணும் தம்பி" என்றபோது, நான் தலையைக் குனிந்து மொபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து மூன்று மாதத்தில் வேலையை விட்டேன்.

ஆனால் ஒன்று. சொத்து ஜாமீன் இல்லாமல், ஆதாரை வைத்து ஒரே வாரத்தில் 40,000 யார் கொடுப்பார்கள்? வங்கியில் குழுக் கடன் வர மூன்று மாதம். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் காத்திருப்பார்களா? நாங்கள் போன பிறகு எங்கள் வட்டாரத்தில் தண்டல்காரர் வருமானம் குறைந்தது என்பதும் உண்மை. நாங்கள் ஒரே நிறுவனமாக இருந்தவரை பரவாயில்லை. ஒரே தெருவில் ஏழு நிறுவனம் வந்த பிறகு, ஒன்றைக் கட்ட இன்னொன்றில் வாங்கினார்கள். எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தோம்.

விதி என்னவென்று எழுதிவிடுகிறேன், ஊரில் பெண்களிடம் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஜாமீன் இல்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன். எல்லாக் கடனும் சேர்ந்து மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போன் போட்டு நச்சரிக்கக் கூடாது. முன்கூட்டியே முழுசாகக் கட்டினால் அபராதம் கிடையாது. காப்பீடு வேண்டாம் என்றால் வேண்டாம், திணிக்க முடியாது. வட்டிக்கு மட்டும் முன்பு இருந்த உச்சவரம்பை அதே விதியில் எடுத்துவிட்டார்கள்.


தண்டோரா எழுதியது:

ஏழு மணி சென்டர் அதே விதிக்கு ஒத்துவருமா தம்பி?


டூவீலர் தம்பி எழுதியது:

சென்டருக்கு அவர்களே வருகிறார்கள், நாங்கள் போன் போடவில்லை என்பார்கள். விதி எழுதுகிறவர்களை விட விதியைப் படிக்கிறவர்கள் கெட்டிக்காரர்கள்.


வன்னிக்காற்று எழுதியது:

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைப்பதை வாசிக்க எங்கட ஒழுங்கையில் நடந்தது போலவே இருக்கிறது.

எங்கள் பக்கம் பழையது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமும் மாதர் சங்கமும்தான். சேர்த்த காசைச் சுற்றிக் கொடுப்பது. சண்டையில் எல்லாம் போனது. காசும் போனது, புத்தகமும் போனது, சங்கத்தில் இருந்த சனமும் போனது. 2009க்குப் பிறகு ஏ9 வீதி நெடுக நிதி நிறுவனங்கள் வந்து திறந்தன. மீள்குடியேறின பெண்களுக்கு, அதிலும் கணவன் இல்லாத பெண்களுக்கு, மூன்று பேர் சேர்ந்து கையெழுத்து வைத்தால் காசு. கிழமைக்கு ஒருமுறை கட்டுக்காசு. தையல் மெசின், கோழிக்கூடு என்று எழுதி வாங்கி, கூரைத் தகரத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போனது. வேலையே இல்லாத ஊரில் தையல் மெசினை வைத்து யாருக்குத் தைப்பது?

2016ல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018ல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடனை அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 35 சதவீதம் என்று வரம்பும் வைத்தார்கள். எங்கள் அயலில் ஒரு அக்காவுக்கு நாலு நிறுவனத்தில் கடன், தள்ளுபடியில் கழிந்தது ஒன்று.

குண்டுமல்லி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிறுவனக்காரர் முதலில் தேடி வந்தது எங்கட சங்கம் இல்லாமல் போன இடங்களுக்குத்தான். சங்கம் திரும்ப எழும்பின ஒன்றிரண்டு ஊரில் அவர்களுக்கு அவ்வளவு பிடி கிடைக்கவில்லை. இது நான் கண்ணால் கண்டது, ஆய்வு ஒன்றும் இல்லை.


மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

வன்னிக்காற்று சொன்னதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. ஆந்திரத்தில் குழுக்கள் இல்லாமல் இல்லை. நாட்டிலேயே பலமான குழு இயக்கம் அங்கேதான் இருந்தது. அதே பெண்களிடம்தான் நிறுவனங்களும் போனார்கள், குழு தயாராக இருந்ததால் வேலை சுலபமானது. 2010 ஆகஸ்டில் ஒரு பெரிய நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போனது. அக்டோபரில், கடன் வாங்கியவர்களின் தற்கொலைச் செய்திகளுக்கு நடுவே, மாநில அரசு நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டது. வசூல் அப்படியே படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இதை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு, ரிசர்வ் வங்கி விதிகள் எல்லாம். எனவே சங்கம் இருந்தாலே வேலி ஆகிவிடாது.


ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

எல்லோரும் உலகம் சுற்றிவிட்டீர்கள். அந்தப் பெண் கேட்டது கலைக்கலாமா என்பதை.

குண்டுமல்லி, ஒரே ஒரு கேள்வி. 3,10,000 என்கிறாயே, அதில் வங்கிக் கணக்கில் இருப்பு எவ்வளவு? உறுப்பினர்களிடம் உள்கடனாக நிற்பது எவ்வளவு? யார் யாரிடம்? நோட்டில் கடன் பேரேடு என்று தனியாக இருக்கும், பார்த்துச் சொல்.


குண்டுமல்லி எழுதியது:

பார்த்தேன் சார். வங்கியில் 41,000. மீதி 2,69,000 உள்கடன். திருப்பூர் அக்காவையும் சேர்த்து ஒன்பது பேரிடம் இருக்கிறது. ஐந்து பேருக்குக் கடனே இல்லை. கலைக்கலாம் என்று சத்தமாகச் சொல்வது அந்த ஐந்து பேரில் மூன்று பேர்.


ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

அதைத்தான் எதிர்பார்த்தேன். 22,000 என்று ஒன்று இல்லை அம்மா. இன்றைக்குக் கலைத்தால் கையில் கிடைப்பது 41,000ஐப் பதினாலால் வகுத்தது. 2,928 ரூபாய். மீதிக்கு அந்த ஒன்பது பேரையும் கழுத்தைப் பிடிக்க வேண்டும். அவர்கள் எங்கே போய் வாங்கிக் கட்டுவார்கள்? செவ்வாய்க்கிழமைக் குழுவில்.

கணக்காகவே பார். 50,000 ரூபாய், இரண்டு வருடம், மாதத் தவணை. நிறுவனத்தில் 25 சதவீதம் என்று வை. தவணை பால்காரர் மகன் சொன்ன அதே 2,670. மொத்த வட்டி ஏறக்குறைய 14,000. இதையே "வருஷத்துக்கு 14 பர்சென்ட்தான்" என்றும் சொல்லி விற்கலாம், அசல் குறைவதைக் கணக்கில் எடுக்காமல். இரண்டும் ஒரே கடன்தான். வங்கி வழியாகக் குழுவுக்கு வரும் கடன், மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில், மூன்று லட்சம் வரை ஏழு சதவீதம். அதே ஐம்பதாயிரத்துக்கு அதே இரண்டு வருடத்தில் வட்டி 3,700 சொச்சம். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம். எட்டு மாதத் தேங்காய், எண்ணெய், பருப்பு அது. உங்கள் உள்கடன் இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், நிறுவனத்துக்குச் சமம்தான். ஆனால் அந்த வட்டி பதினாலு பேருக்கே திரும்புகிறது. மாடு வற்றினால் இரண்டு மாதம் பொறுங்கள் என்று கேட்க ஒரு கூட்டமும் இருக்கிறது.

கிளையில் புதுக் கடன் மறுத்தார்களா?


குண்டுமல்லி எழுதியது:

ஆமாம் சார். ஒரு உறுப்பினரின் கணவர் பயிர்க்கடன் கட்டவில்லை என்று போன வருடம் சொல்லிவிட்டார்களாம். எந்த வங்கி என்று சொல்லவில்லை, ஊர் தெரிந்துவிடும்.


ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

சொல்ல வேண்டாம். நான் இருந்த கிளையிலும் அப்படிச் சொல்லியிருக்கிறோம், கூச்சமாக இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையில் தெளிவாகவே இருக்கிறது: ஓரிரு உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ தனியாகக் கடன் பாக்கி வைத்திருப்பது, குழு தன் கடனைச் சரியாகக் கட்டியிருக்கும்வரை, குழுவுக்குக் கடன் கொடுக்கத் தடையாகக் கூடாது. குழுக் கடனில் அந்த உறுப்பினருக்குப் பங்கு கொடுக்காமல் இருந்தால் போதும். பத்து லட்சம் வரை ஜாமீன் கேட்கக் கூடாது. சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது. பல கிளைகளில் சேமிப்பை எடுக்க விடுவதில்லை, அது தவறு. சண்டை போடாதீர்கள். தீர்மானம் எழுதி, ஊராட்சியில் உள்ள குழுக்களின் கூட்டமைப்பு வழியாக மகளிர் திட்ட அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். மேலாளர்கள் மனுவுக்குப் பயப்படுவார்கள்.


தண்டோரா எழுதியது:

சரி, 2,928 என்பதை நான் யோசிக்கவில்லை. கலைக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் தள்ளுபடியைப் பற்றி யாருமே பேசவில்லை. 2021ல் கூட்டுறவு வங்கிகளில் குழுக் கடன் 2,756 கோடி தள்ளுபடி. எங்கள் ஊரில் ஒழுங்காகக் கட்டி முடித்த குழுவுக்கு ஒன்றும் இல்லை, கட்டாதவர்களுக்குச் சிரிப்பு. அதற்குப் பிறகு எவள் கட்டுவாள்?


பழைய ஊக்குநர் எழுதியது:

வயிறு எரியத்தான் செய்தது தம்பி. நாங்கள் கட்டி முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த வருடம் ஊரடங்கில் கூலியே இல்லாமல் கிடந்தவர்களை நினைத்தால் குறை சொல்ல வாய் வரவில்லை. இரண்டும் மனதில் இருக்கிறது.

உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறதே, 2023 செப்டம்பரிலிருந்து. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது தவணைக்குப் போகிறது. கடன் கொடுக்கிறவர்கள் அதையும் வருமானத்தில் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள்.

குண்டுமல்லி, கூட்டத்தில் நீ தீர்ப்புச் சொல்லாதே. நோட்டைப் படி, போதும். யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பதைக் குரல் ஏற்றாமல் படி. திருப்பூர் போனவளைத் திட்ட ஆரம்பிப்பார்கள், விடாதே. போன் போடு. குழுக் கடனை ஏமாற்றுகிறவர்கள் ரொம்பக் குறைவு. வெட்கத்தில் பேசாமல் இருக்கிறவர்கள்தான் அதிகம்.


குண்டுமல்லி எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. பன்னிரண்டு பேர் வந்தார்கள், ஆறு மாதத்தில் இதுதான் அதிகம். பிரிக்கிற பணத்தை வாங்கத்தான் வந்தார்கள் என்று அம்மா சொல்கிறார்.

காசாளர் சார் கணக்கை அப்படியே படித்தேன். 2,928 என்றதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரே கூச்சல். கடன் இல்லாமல் கலைக்கச் சொன்ன அந்த மூன்று பேரில் ஒருவர், "அப்ப எங்க காசுலதான் நீங்க எல்லாம் பொழைக்கிறீங்க" என்றார். நியாயமான கோபம்தான். எதிரில் இருந்த பாட்டி, "உன் புருஷன் ஆபரேஷனுக்கு 2014ல யார் காசு போச்சு, அதையும் அந்தப் புள்ளைய படிக்கச் சொல்லு" என்றார். பேரேட்டில் இருந்தது. 15,000. படிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

முடிவு: கலைக்கவில்லை. இரண்டு பேர் விலகுகிறார்கள். அவர்களுடைய சேமிப்பை உள்கடன் திரும்பத் திரும்ப ஐந்து மாதத்தில் கொடுப்பது என்று தீர்மானம். உள்கடன் வட்டியை இரண்டிலிருந்து ஒன்றரையாகக் குறைத்திருக்கிறோம். திருப்பூர் அக்காவுக்கு எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்து, அழுதுவிட்டு, மாதம் ஆயிரம் அனுப்புகிறேன் என்றார். அனுப்புவாரா தெரியாது. முதல் ஆயிரம் நேற்று ஜிபேயில் வந்திருக்கிறது.

மைக்ரோ ஃபைனான்ஸ் ஒன்பது பேரும் அப்படியேதான் இருக்கிறார்கள். அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. டூவீலர் தம்பி அண்ணா எழுதியதை அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேர், கடனோடு சேர்த்துக் கொடுத்த காப்பீடு எதற்கு என்று கேட்கப் போகிறார்களாம்.

என்னைப் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள். ஒரு சந்தேகம். 2016, 17 பக்கங்களைக் கரையான் தின்றிருக்கிறது. கடனுக்குக் குழுவின் தகுதி பார்த்துத் தரம் பிரிக்க வங்கிக்கு நோட்டைக் கொடுக்கும்போது அது வேண்டுமா?


பழைய ஊக்குநர் எழுதியது:

வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் சின்னப் பாஸ்புத்தகம் இருக்கும், அதில் மாதச் சந்தா, கடன் எல்லாம் ஏறியிருக்கும். பதினாலையும் வாங்கு. வங்கியில் அந்த இரண்டு வருடத்துக்கு அறிக்கை கேள். இரண்டையும் வைத்துப் புதிதாக எழுது. கரையான் தின்றதால் எழுதினோம் என்று ஒரு தீர்மானம் போட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. பென்சிலில் எழுதாதே. தின்றுபோன பக்கங்களையும் தூக்கிப் போடாதே, கவரில் போட்டு வை.


குண்டுமல்லி எழுதியது:

பதிமூன்று புத்தகம் கிடைத்துவிட்டது அம்மா. மிச்சம் ஒன்று பாட்டியுடையது. நகை அடகு ரசீதோடு சேர்த்து அரிசிப் பானையில் வைத்தேன் என்கிறார், எந்தப் பானை என்று நினைவில்லையாம். நாளைக் காலையில் போய்த் தேட வேண்டும்.